சத்தம் வராத வீடு

என் நாத்தனாருக்குத் தெரிந்த வைத்தியத்தில் பாதியை என் தலைவலியின்மேல்தான் செய்து பார்த்திருக்கிறோம். எலுமிச்சைத் தோலைத் தேய்த்தது, பாதத்தை வெந்நீரில் வைத்தது, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு மூச்சை இழுத்தது எல்லாம் ஆயிற்று. "கோபத்தக் குறைங்க அண்ணி, பாதி சரியாயிடும்" என்று கடைசியாக ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் மீதிப் பாதியும் வந்து சேர்ந்தது.

"எனக்கும்தான் தலைவலி வருது. சூடா ஒரு காப்பி குடிச்சா போற இடம் தெரியாது" என்பாள். அவளுக்கு வருவதற்கும் எனக்கு வருவதற்கும் ஒரே பேராகப் போய்விட்டது, அதுதான் சங்கடம். எனக்கு முதலில் பார்வை கெடும். எதிரில் நிற்பவர் முகத்தில் ஒரு கண் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் ஏதோ கோணல்மாணலாக மினுங்கிக்கொண்டிருக்கும். அது கரைந்ததும் இடது கண்ணுக்குப் பின்னால் வலி வந்து உட்காரும். பிறகு வெளிச்சமும் வாசனையும் சத்தமும் எதிரிகள். யாராவது சமையலறையில் ஸ்பூனைக் கீழே போட்டால் எனக்குப் படுக்கையறையில் வாந்தி வரும். ஒரு நாளோ இரண்டு நாளோ என்னை அடித்துத் துவைத்துவிட்டு அதுவாகப் போகும். மைக்ரேன் என்று டாக்டர் சொன்னபோது பேராவது கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள்; நாங்கள் பல்லாகத் திருப்பி அனுப்புவோம். பவுடரோடு கலக்கும் திரவத்தின் நெடி ஒரு பக்கம், பல்லைத் தேய்க்கும் மெஷினின் கீச்சொலி ஒரு பக்கம். தலைவலிக்காரி வேலை தேடிப் போயிருக்கக் கூடாத இடம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. முதலாளி நல்ல மனிதர். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, மெழுகில் பல் அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்தார். தலைவலியை மறைத்துக்கொண்டு நான் அடுக்கிய ஒரு வரிசையைத் தூக்கிப் பார்த்து, "இந்த மனுஷன் சிரிச்சா வீட்ல இருக்கிறவங்க அழுவாங்களேம்மா. வீட்டுக்குப் போ" என்றார்.

நரம்பு டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "இது அடியோட போகாதுங்க. அடக்கி வைக்கலாம். ஆரம்பிக்கும்போதே மாத்திரையப் போட்டுட்டு, இருட்டுல, சத்தம் இல்லாம, யாரும் எழுப்பாம படுத்துடணும்." மாத்திரையை அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொடுக்குமாம். காவலுக்கு வைத்தவனே கன்னம் வைப்பான் என்றால் யாரைத்தான் நம்புவது? ஆக, எனக்கு மிஞ்சியது இருட்டும் அமைதியும்தான்.

அந்த அமைதியை என் கணவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கண்டுபிடிப்பது அவருக்குக் கை வந்த கலை. வீட்டை ஒரு பழுதான லிஃப்டாக நினைத்துச் சுற்றி வந்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி ஒட்டினார். அலமாரிக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை. அழைப்பு மணியைக் கழற்றிப் பரணில் போட்டார். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பக்கத்து வீட்டு மணி. அதை இடம் மாற்றித் தருகிறேன் என்று அங்கேயும் போய் நின்றார். "உங்க வீட்டுத் தலைவலிக்கு எங்க வீட்டு பெல்லக் கழட்டணுமா?" என்று அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். அதனால் அந்த மணியை நாங்களும் எங்கள் பெண்ணும் அழுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

பெரிய விதி ஒன்று இருந்தது. அம்மா படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது.

இந்த விதிகளை எல்லாம் எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவள் அவள்தான். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். அவளுக்கு அது விளையாட்டு. பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடப்பாள். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் விரலை விட்டு மூச்சு விடும் சத்தம்கூட இல்லாமல் திறப்பாள். டிவியில் குரலை அணைத்துவிட்டுப் படம் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். "இது பொண்ணு இல்ல, பூனை" என்றார் அவள் அப்பா. அந்தப் பேரே நிலைத்துவிட்டது. வந்தவர்கள், வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். நரம்பு டாக்டர்கூட, "இந்த அளவுக்கு எந்த வீட்லயும் செய்றதில்லைங்க" என்று மெச்சினார். இரண்டு நாள் கிடந்த நான் அரை நாளில் எழ ஆரம்பித்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளி விடுமுறை. பூனைக்குப் பத்து வயதாகியிருந்தது. அவருக்கும் விடுப்பு என்பதால் அவளை அவரிடம் விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போயிருந்தேன். கையில் இருந்த மெழுகு வரிசையில் நடுப் பல் இரண்டைக் காணவில்லை. கீழே விழுந்துவிட்டதோ என்று மேஜைக்கு அடியில் தேடினேன். பிறகுதான் காணாமல் போனது பல் இல்லை, என் பார்வை என்று புரிந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தேன்.

அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாம், விடுப்பாவது ஒன்றாவது. "நல்ல வேளை, நீயே வந்துட்ட. முடிச்சிட்டு ஓடி வந்துடுறேன்" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். பூனை என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரைச்சீலைகளை இழுத்தாள், பக்கத்தில் வாளியை வைத்தாள், என் போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள், ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்தாள். கதவு சாத்தியது எனக்குக் கேட்கவே இல்லை.

வெளியே எதிர்க் கட்டடத்தில் சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது என் பல்லுக்குள் போடுவது போல இருந்தது. தலையணையை எடுத்துக் காதில் அழுத்தினேன். அழுத்தினால் வலித்தது, எடுத்தால் கேட்டது. சற்று நேரத்தில் அந்தச் சத்தம் அமுங்கி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. யாரோ புண்ணியவான் நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். அந்த நிம்மதியில்தான் தூங்கினேன்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தலைவலி போன பிறகு வரும் அந்தச் சுகத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. உடம்பில் எடையே இருக்காது, கண்ணில் படுவதெல்லாம் அழகாக இருக்கும், ரொம்பப் பசிக்கும். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, "பூனை, முட்டை பொரிக்கவா?" என்று கேட்டபடி சமையலறைக்குப் போனேன்.

அவள் தரையில், ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மடியில் மடித்து வைத்த துண்டு, துண்டின்மேல் வலது கை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, யாருக்கும் வளையாத இடத்தில் அது வளைந்திருந்தது.

"தலைவலி போயிடுச்சாம்மா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போது விழுந்தாள் என்று கேட்டார். மத்தியானம் என்று பூனை சொன்னாள். இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். வீட்டில்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். வெளியே என்றால் ஒரு துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம். பேசுவதெல்லாம் கேட்டது. என்ன சந்தேகப்படுகிறார் என்று முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"யாராச்சும் கையப் பிடிச்சு முறுக்கினாங்களா பாப்பா?"

"இல்ல. ஸ்டூல்லேருந்து விழுந்தேன்."

"ஸ்டூல் மேல எதுக்கு ஏறின?"

"வெளிய டிரில் சத்தம் கேட்டுச்சு. ஹால்ல மேல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. அதச் சாத்தினேன். சாத்திட்டு இறங்கும்போது ஸ்டூல் சாஞ்சுடுச்சு."

"விழுந்தா ரெண்டு கையையும்தானே ஊனுவாங்க? உன் இடது கையில ஒரு கீறல்கூட இல்லியே."

"இடது கையால ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டேன்."

"அத எதுக்கும்மா பிடிச்ச?"

"கீழ விழுந்தா சத்தம் வரும்ல?"

"வலிச்சிருக்குமே. கத்தலியா நீ?"

"துண்ட வாயில வச்சுக்கிட்டேன்."

"அம்மாவக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கதவு சாத்தியிருந்துச்சு."

"பூட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல. சாத்தியிருந்துச்சு" என்றாள், இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்ற குரலில். பிறகு அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டுமென்றால் போன் அம்மா தலையணைக்குக் கீழே இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகலாமென்றால் அந்த வீட்டு மணி அம்மா தலைமாட்டில் கேட்கும். கதவைத் தட்டலாமென்றால் அதுவும் சத்தம்தான். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்திருக்கிறாள். விதிகளில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. தடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

டாக்டர் வெளியே வந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. "அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவுக்கட்டுப் போடப் போய்விட்டார்.

வீட்டில், வேலை முடிந்து அப்போதுதான் வந்த கணவருக்கும் எனக்கும் சண்டை. யார்மேல் கோபம் என்று தெரியாததால் ஒருவர்மேல் ஒருவர் காட்டினோம். "உன்ன யாரு அவள இப்படிப் பழக்கச் சொன்னது?" என்றார் அவர். "கீலுக்கு எண்ணெய் விட்டது நானா?" என்றேன் நான். பிறகு அவர் பரணில் ஏறி அழைப்பு மணியை எடுத்து மாட்டினார். ஹால் மேஜைமேல் வைக்க ஒரு சாதாரண போன் வாங்கி வந்தார். பழைய விதிகள் எல்லாம் ரத்து என்று பூனையிடம் சொன்னோம். இனி ஒரே விதி. ஏதாவது என்றால் கதவைத் தட்ட வேண்டும்.

ஒத்திகைகூடப் பார்த்தோம். நான் படுத்துக்கொள்ள, அவள் இடது கையால் தட்ட வேண்டும். முதலில் நகத்தால் சுரண்டினாள். "தட்டச் சொன்னா தடவுறா பாரு" என்றார் அவர். சிரித்துவிட்டோம். இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று உள்ளேயிருந்து நான் கத்தினேன். கடைசியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். நான் துள்ளி எழுந்து போய்க் கதவைத் திறந்து அவளை அணைத்துக்கொண்டேன்.

"நீ எப்ப தட்டினாலும் இதே மாதிரி வருவேன்" என்றேன்.

"தலைவலி இருந்தாலுமா?"

"இருந்தாலும்தான்."

அதைச் சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஒரே வழி தலைவலியே வராமல் பார்த்துக்கொள்வது என்று அதன் பின்னாலேயே ஓடினேன். நரம்பு டாக்டரிடம் போய் நின்று, தினமும் போடும் மாத்திரை ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போட்டால் வார்த்தைகள் மறந்தன. முதலாளியிடம், "அந்த... அந்த முன்னாடி இருக்குமே, கடிக்கிறது" என்று கேட்டேன். "பல்லா?" என்றார் அவர். பல்செட் செய்யும் கூடத்தில் பல் என்ற வார்த்தையைத் தொலைத்தவள் நானாகத்தான் இருப்பேன். ஒரே நேரத்தில் தூங்கினேன், ஒரே நேரத்தில் எழுந்தேன், பிடித்ததை எல்லாம் சாப்பிடுவதை விட்டேன். நாத்தனார் சொன்ன எலுமிச்சைத் தோலைக்கூட மறுபடி தேய்த்துக்கொண்டேன். கேட்டால் பூரித்துப் போவாள் என்பதால் அவளிடம் சொல்லவில்லை.

தலைவலி வரவில்லை. பூனையின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மெலிந்து வெளுத்திருந்த கையை அவளே அதிசயமாகப் பார்த்துக்கொண்டாள். அப்போதும் வரவில்லை. மருந்து கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். மெல்ல மெல்ல எனக்கும் நம்பிக்கை பிறந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெடி இல்லை, வெயில் இல்லை, தூக்கம் கெடவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன், பாதிச் சட்டையைக் காணவில்லை. இத்தனை செய்தும் வருகிறதே என்று அதனிடமே கேட்டேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். பூனை வாளியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இந்த முறை அது சேர்த்து வைத்து அடித்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. வலியின் நட்ட நடுவில் கிடந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

எழுந்திரு என்று எனக்கு நானே சொன்னேன். மறுபடியும் தட்டினாள். கையை ஊன்றிக் காலைக் கீழே வைத்தேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாளியை இழுத்து வாந்தி எடுத்தேன். அவள் மூன்றாவது தடவை தட்டினாள், நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே, உள்ளங்கையால், பலமாக. அது என் கண்ணுக்குப் பின்னால் நேராக வந்து விழுந்தது. வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உயிர வாங்காத, போ" என்று கத்தினேன்.

பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் போய்விட்டாளா, கதவருகே நிற்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா, தெரியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டிருப்பாளோ, ரத்தம் வருகிறதோ என்று என்னென்னவோ தோன்றியது. என் பெண் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தும் கட்டிலின் விளிம்பைத் தாண்ட என்னால் முடியவில்லை. அழுதால் வலி கூடும் என்பதால் அழவும் முடியவில்லை.

கால் நின்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் ஹால் மேஜையில் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைகளைத் தொட்டுப் பார்த்தேன், கால்களைப் பார்த்தேன், நெற்றியில் கை வைத்தேன். எங்கும் எதுவும் இல்லை.

"எதுக்கும்மா தட்டின?"

"ஒண்ணுமில்லம்மா."

"சும்மாவா தட்டுவ? சொல்லு."

பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். "நெஜமாவே வருவியான்னு பாக்கலாம்னு."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "வரணும்னுதான் எழுந்தேன். கால்கூடக் கீழ வச்சேன்டி. முடியல" என்றேன்.

"தெரியும்மா. நீ வாந்தி எடுத்தது கேட்டுச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவளே என் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள்.

"பரவால்லம்மா. நான் யோசிச்சு வச்சுட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா மொதல்ல அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். அவர் எடுக்கலைன்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவங்களும் இல்லைன்னா கீழ வாட்ச்மேன் இருப்பாரு."

"அப்புறம்?" என்றேன், அடுத்து என் முறை வரும் என்று.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குள்ள யாராச்சும் வந்துடுவாங்கம்மா" என்றாள்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. வேறு வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தால் எவ்வளவு சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளியிருப்பேன். "சரி" என்றேன்.